அத்தைகளைத் தேடுங்கள்

நீலகிரியிலும் வால்பாறையிலும் மற்ற ஊர்களிலும் வாழும் தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்,



உங்கள் வீட்டுப் பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கும். மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெயரும் ஓர் ஊரும் எழுதியிருக்கும். கப்பலில் மாறிப் போய்விடக் கூடாதே என்று எழுதியது. இந்த வாரம் அதைத் திறந்து பாருங்கள். பழைய சேலைக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த குடும்ப அட்டை கிடைக்கும். ரேஷன் கார்டைச் சொல்லவில்லை. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம், இந்தக் குடும்பம் இந்தியா போகிறது என்று எழுதிக் கொடுத்த அட்டையைச் சொல்கிறேன். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போகும்போது எடுப்போம், நகல் போட்டுவிட்டுத் திரும்ப வைப்போம். ஐம்பது வருடமாக நம் வீடுகளில் அதற்கு அந்த ஒரு வேலைதான்.

இந்தத் தடவை எடுக்கும்போது, வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசியுங்கள். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல யார் பேர் இல்ல?"

நான் அந்தக் கேள்வியை என் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருடைய தங்கையைக் கண்டுபிடித்திருக்கலாம். அதனால்தான் இந்த மடல்.

பெயர்கள் ஏன் விட்டுப்போயின என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே வந்த குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் கணக்கில் வந்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு லயத்துக் காம்பராவிலும் யாரையும் கேட்டுச் செய்த கணக்கு அல்ல இது.

நம் வீடுகளுக்குள் இந்தக் கணக்கு எப்படி இறங்கியது என்பதுதான் எனக்கு முக்கியம். கலியாணம் ஆனவர்கள் தனித்தனிக் குடும்பமாக மனுப் போட்டார்கள். அண்ணன் இந்தியாவுக்கு எழுதினார், தம்பி இலங்கைக்கு எழுதினார். தங்கை எந்த நாட்டுக்காரி என்பதை அவள் புகுந்த வீட்டார் தீர்மானித்தார்கள். இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கிய 3 லட்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் கேட்டது கிடைக்காதவர்களும் உண்டு. 1973, 74-இல் தோட்டங்களில் பசி வந்தபோது, யோசித்துக்கொண்டிருந்தவர்களும் கப்பலுக்குப் பேர் கொடுத்தார்கள். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆள் ஏற்றிப்போன ரயிலுக்கு நம் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

1974-இல் அந்தக் கோச்சியில் ஏறியபோது எனக்கு எட்டு வயது. அப்பாவின் தங்கை, என் அத்தை, ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அன்றைக்கு அரை நாள் பேர் போட்டுவிட்டு மலையிலிருந்து நேரே வந்தவர். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. தலையில் கூடைக் கயிறு அழுத்திய தடம் முடியில் பள்ளமாகத் தெரிந்தது. வண்டி நகரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொழுந்து பறித்த விரல், கறை பிடித்துக் கருத்திருந்தது. அத்தை என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த விரல்தான். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருடைய பிள்ளைகளின் அனுமதியை நான் வாங்கவில்லை.

தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து தாத்தாவின் சொந்த ஊரான முசிறிப் பக்கம். அட்டையில் தொழில் கடன் 5,000 ரூபாய் என்று எழுதியிருந்தது. கொழுந்தும் கவ்வாத்தும் தவிர வேறெதுவும் தெரியாத அப்பா பெட்டிக்கடை வைத்தார். அது நிற்கவில்லை. 1983-இல் தேயிலை இருக்கிற இடமாகப் பார்த்துக் கோத்தகிரிக்கு ஏறினோம். உங்களில் பாதிப் பேர் வீட்டுக் கதையும் இதுதான் என்று எனக்குத் தெரியும்.

அத்தையின் கடிதங்கள் அதுவரை வந்துகொண்டிருந்தன. அம்மா இறந்த பிறகு, 2014-இல் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தபோது அத்தையின் கடைசிக் கடிதம் கிடைத்தது. நீல நிற ஏர்மெயில் தாள். மூன்றாக மடித்தது, மடிப்பெல்லாம் விட்டுப்போய் உள்ளங்கையில் மூன்று துண்டாக வந்தது. 1983 மே மாதம் எழுதியது. அத்தைக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதியிருக்கிறான். இடம் தீர்ந்துபோய், தாளைத் திருப்பி ஓரத்தில் நெடுக்காக ஒரு வரி: மாடு கன்று போட்டிருக்கிறது, சீம்பாலுக்கு அண்ணன் இல்லை. பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரி. மாமாவின் பெயர், டிவிஷன், தோட்டம், தலவாக்கலை.

அந்தத் தோட்டத்தின் பெயரை நான் அதற்கு முன்னால் கேள்விப்பட்டதே இல்லை. அப்பா வாய் ஓயாமல் சொன்ன தோட்டம் வேறு. சிலோன் போய்வந்த யாரைப் பார்த்தாலும் அப்பா சொன்ன பெயரைச் சொல்லித்தான் நான் விசாரித்திருந்தேன், யாருக்கும் தெரியவில்லை. மலையகத்தில் தோட்டத்துக்கு இரண்டு பெயர் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. துரைமார் கம்பெனிக் கணக்கில் எழுதிய பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் ஒன்று. நம் பாட்டிமாருக்குத் தெரிந்தது இரண்டாவது. தபாலுக்கும் பதிவேட்டுக்கும் தெரிந்தது முதலாவது. 1972-லும் 1975-லும் அரசு தோட்டங்களை எடுத்துக்கொண்டது, 1992-இல் மறுபடி கம்பெனிகளிடம் நிர்வாகம் போனது. இதற்கிடையில் டிவிஷன்கள் சேர்ந்தன, பிரிந்தன. பழைய தமிழ்ப் பெயரைச் சொன்னால் புரிந்துகொள்கிற ஆட்கள் அங்கேயும் குறைந்துவருகிறார்கள். ஆகவே பாட்டி சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், அத்தோடு நிற்காதீர்கள். பழைய கடித உறை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், சேமலாப நிதிக் கார்டு, எதிலாவது அந்த இன்னொரு பெயர் இருக்கும். இரண்டும் கையில் இருந்தால்தான் கதவு திறக்கும்.

பிறப்புச் சான்றிதழ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் பிறந்த யாருடைய சான்றிதழாவது உங்கள் வீட்டில் இருந்தால், அப்பா, அம்மா பெயரோடு நிறுத்தாமல் அடுத்த கட்டங்களையும் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராக இருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கட்டம் வரும். அதற்கு அடுத்ததில் பூட்டனாரையும் கேட்டிருக்கும். 1948 சட்டம், தலைமுறை தலைமுறையாக இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. அந்தக் கேள்விதான் கட்டமாக இறங்கியிருக்கிறது. காட்ட முடியாமல்தான் நம் சனம் நாடற்றுப் போனது. ஆனால் யார் வீட்டிலெல்லாம் அந்தக் கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறதோ, அங்கே இன்றைக்கு மூன்று தலைமுறையின் பெயரும் ஊரும் ஒரே தாளில் கிடைக்கிறது. நம்மை வடிகட்ட வைத்த கட்டம் அது. நாம் அதை நம் சொந்தங்களைத் தேடப் பயன்படுத்துவோம். சான்றிதழ் தொலைந்திருந்தால் பிறந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் நகல் கேட்கலாம். எண் தெரியாவிட்டாலும் பிறந்த காலத்தைச் சொன்னால் தேடித் தருவார்கள், அதற்குக் கட்டணம் உண்டு.

பெயரை எழுத்துக்கூட்டித் தேடாதீர்கள், காதால் தேடுங்கள். கணக்கப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதினார், பதிவாளர் சிங்களத்தில் எழுதினார். சிங்களத்தில் ழகரம் கிடையாது. பழனியாண்டி அங்கே பளனியாண்டி ஆவார், இன்னொரு தாளில் பலனியாண்டி ஆவார். லட்சுமி அநேகமாக லெட்சுமி. செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர், கோயில் வரிக்கு இன்னொரு பெயர் என்று வாழ்ந்தவர்களும் உண்டு. ஓர் எழுத்து மாறியிருக்கிறது, இது நம் ஆள் இல்லை என்று தாளை மூடிவிடாதீர்கள்.

நான் செய்தது சின்ன வேலைதான். ஆசிரியையாக இருந்தவள் என்பதால் எனக்குத் தோன்றிய வழி பள்ளிக்கூடம். அந்தத் தோட்டத்துப் பாடசாலை அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அத்தை மகன்களின் பெயர், ஏறத்தாழ வயது, மாமாவின் பெயர், டிவிஷன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதிபர் பழைய சேர்வு இடாப்பைத் தேடி எடுத்து, ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். நாம் பதிவேடு என்பதை அங்கே இடாப்பு என்பார்கள். கறையான் தின்ற ஓரம், மங்கிய நீல மை. வரிசை எண், பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், சேர்ந்த தேதி எல்லாம் சரியாக இருந்தன. விலகிய தேதி, 1983 செப்டம்பர். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பத்துடன் வவுனியா' என்றிருந்தது.

அந்த இரண்டு சொல்லைப் பார்த்தபோதுதான் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று முழுதாகப் புரிந்தது. 1983 தொடக்கத்தில் அப்பா அத்தைக்கு எழுதியிருக்கிறார்: மலைக்கு ஏறப்போகிறோம், கொஞ்சம் நிலம் பார்த்திருக்கிறேன், சின்னதாக ஒரு வீடு கட்ட வேண்டும், விலாசம் பிறகு எழுதுகிறேன். அதற்கு அத்தையின் பதில்தான் அந்த மே மாதக் கடிதம். ஜூனில் நாங்கள் முசிறியை விட்டோம். ஜூலையில் கலவரம். ஆகஸ்டில் அப்பா கோத்தகிரி விலாசத்தை எழுதிப் போட்டபோது அத்தை குடும்பம் உயிருக்குப் பயந்து வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கடிதம் ஆளில்லாத காம்பராவுக்குப் போனது. அத்தை வவுனியாவிலிருந்து முசிறி விலாசத்துக்கு எழுதினார். அந்த வீட்டில் எங்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை. இரண்டு பேர் கையிலும் செத்துப்போன விலாசம்.

"தங்கச்சிக்கு என்மேல கோபம்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கு வரும்போது அவளையும் கூட்டி வந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். 1998-இல் அந்த நினைப்போடேயே போனார். அத்தையோ அங்கே, அண்ணன் இந்தியா போனதும் மறந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். கோபமும் இல்லை, மறதியும் இல்லை. மூன்று மாத இடைவெளியில் இரண்டு வீடு இடம் மாறியது, அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் "அவங்க நம்மள ஒதுக்கிட்டாங்க" என்று யாராவது ஒரு பெரியப்பாவைப் பற்றியோ சித்தியைப் பற்றியோ பேச்சிருந்தால், தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள். தேதிகளை அடுக்கிப் பாருங்கள்.

மலையகத்தை விட்டுப் போனவர்கள் நிறையப் பேர். 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அதனால் தோட்டத்தில் ஆள் இல்லை என்று பதில் வந்தால் தேடலை விட்டுவிடாதீர்கள், வடக்கே திருப்புங்கள். 2003-இல் வந்த சட்டம் அங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் இலங்கைக் குடியுரிமை தந்தது. ஆகவே உயிரோடு இருப்பவர்களின் பெயர் பெரும்பாலும் வாக்காளர் இடாப்பில் இருக்கும், அந்தப் பகுதிக் கிராம உத்தியோகத்தருக்கும் தெரிந்திருக்கும். போரில் காணாமல் போனவர்கள் என்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் உறவு தேடும் பிரிவுக்கு எழுதுங்கள், அவர்கள் காசு வாங்குவதில்லை.

பெண்களைத் தேடுவது கடினம். அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். எல்லாத் தாளிலும் ஆண்தான் குடும்பத் தலைவர். பெண் முதலில் இன்னாரின் மகள், அப்புறம் இன்னாரின் மனைவி, கடைசியில் இன்னாரின் தாய். கலியாணத்தோடு அவள் ஓர் அட்டையிலிருந்து இன்னோர் அட்டைக்குப் போய்விடுகிறாள். எங்கள் குடும்ப அட்டையில் தாத்தா, அப்பா, அம்மா, என் தம்பி, நான் எல்லோரும் இருக்கிறோம். பாட்டி பெற்ற மூன்று பெண்களில் ஒருவர் பெயரும் இல்லை. மூன்று பேரும் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்து கொழுந்து எடுத்தவர்கள். தாத்தாவின் வம்சாவளியைக் கேட்டால் எங்கள் பங்காளிகள் ஐந்து தலைமுறை சொல்வார்கள், ஆண்களை மட்டும். பெரிய அத்தையையும் நடு அத்தையையும் என்னால் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. காரணம் எளிது. அவர்களின் கணவர்கள் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அத்தையைத் தேட மாமாவின் பெயர் வேண்டும். மாமாவின் தோட்டம், அவரைக் கூட்டிவந்த கங்காணியின் பெயர், இதெல்லாம் வேண்டும். இதைத்தான் பாட்டிமாரிடம் முதலில் கேட்க வேண்டும். அவர்களுக்குச் சடங்கு, சீர், யார் கலியாணத்துக்கு யார் வந்தது என்பதெல்லாம் மறக்காது. எந்த ஆண்டு என்று கேட்டால் தெரியாது என்பார்கள். காமன் கூத்துக்கு முன்னாலயா பின்னாலயா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு வேலையும் உண்டு, நாமே செய்ய வேண்டியது. அங்கிருந்து நம்மைத் தேடுகிறவர்களுக்குக் கோத்தகிரியும் கூடலூரும் தெரியாது. அவர்கள் கையில் இருப்பது துறையூர், முசிறி, நாமக்கல், புதுக்கோட்டை என்று தாத்தா சொன்ன சொந்த ஊர்ப் பெயர்தான். அங்கே போய்த்தான் விசாரிப்பார்கள். உங்கள் அட்டையில் எழுதிய சொந்த ஊருக்கு ஒருமுறை போங்கள். குலதெய்வக் கோயில் பூசாரியிடமும் முச்சந்தி டீக்கடையிலும் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, சிலோனிலிருந்து யாராவது வந்தால் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஊரில் பங்காளிகள், நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்று முதலில் முகம் சுளிக்கலாம். எதற்காக வந்தோம் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே தேடிப் பிடித்த உறவிடமும் அப்படித்தான். முதல் கடிதத்தில் எதுவும் கேட்காதீர்கள், அடையாள அட்டை நகல் அனுப்பு என்று எழுதாதீர்கள். நாங்கள் இன்னார், இன்ன டிவிஷனில் இன்ன லயத்தில் இருந்தோம், நலமா என்று மட்டும் எழுதுங்கள். பேச விருப்பமில்லை என்று பதில் வந்தால் அதை மதியுங்கள்.

வவுனியாவில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் வழியாக, 2016-இல் அத்தையின் மகளைக் கண்டுபிடித்தேன். வாட்ஸ்அப்பில் அவர் படம் அனுப்பியபோது எங்கள் பாட்டியின் மூக்கு அப்படியே இருந்தது. "மதினி, அம்மா பக்கத்துல இருக்காங்க, பேசுறீங்களா?" என்றார். அத்தைக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. நான் யார் என்று சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்:

"ஏ ஆயி, அண்ணன் வீடு கட்டிருச்சா?"

முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த கடைசிக் கடிதத்தில் அப்பா எழுதிய வீடு. கட்டிட்டாங்க அத்தை, ஓட்டு வீடு, அதுல இருந்துதான் பேசுறேன் என்றேன். அப்பா இல்லை என்பதை அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் சொன்னேன்.

நம் பாட்டிமாருக்கு எண்பது தாண்டிவிட்டது. தோட்டத்தின் இரண்டு பெயரையும், கங்காணி பெயரையும், மாமன்மார் பெயரையும் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் போய்விட்டால் அட்டையில் இருப்பது மட்டுமே மிஞ்சும், அட்டையில் இல்லாதவர்களைச் சொல்ல ஆள் இருக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அவர்கள் அழுதால் நிறுத்துங்கள், அடுத்த வாரம் மறுபடி உட்காருங்கள்.

2017-இல் நானும் தம்பியும் வவுனியா போய் அத்தையோடு பதினோரு நாள் இருந்தோம். கிளம்பும்போது அப்பா சார்பில் ஒரு சேலை வைத்துக் கொடுத்தோம். அத்தை அதைக் கட்டவே இல்லை. 2019-இல் அவர் காலமானபோது எங்களால் உரிய நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை. அந்தச் சேலையைத்தான் பிறந்த வீட்டுக் கோடியாக அவர்மேல் போட்டார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி
கோத்தகிரி